அப்பாவின் வயிற்றில் இருந்த உருண்டை

நான்கு வருடங்களுக்கு முன்பு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஓர் அடுக்குமாடி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். திடீரென்று அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்பார். பிறகு சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுப்பார். காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. வயிற்றுப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய் அதிக காலம் ஆகவில்லை. அந்தச் சொல்லை இருவருமே வாய்விட்டுச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்த டொக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மண்ணிறத்தில் பெரிய உருண்டை ஒன்று. கட்டியா என்று கேட்டேன்.

"பயப்படாதேங்கோ, இது புற்றுநோய் இல்லை. செமிக்காத நார் எல்லாம் சேர்ந்து உருண்டு கிடக்குது," என்றார் அவர். அது உரசி வயிற்றில் புண்ணும் வந்திருந்தது. குடலுக்குள் போய் அடைத்திருந்தால் உடனே ஒப்பரேஷன்தானாம்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, அப்பா தயங்கித் தயங்கி, "புழுக்கொடியல்" என்றார். அவித்துக் காயவைத்த அந்தப் பனங்கிழங்கு என்றால் அவருக்கு உயிர். கட்டுப்பல் தளர்ந்துபோனதை என்னிடம் சொல்லாமல், மெல்லாமலே விழுங்கியிருக்கிறார். நீண்டகால நீரிழிவால் அவருடைய வயிறும் மெதுவாகத்தான் வேலை செய்ததாம்.

வார்ட்டில் வைத்து, சீனியில்லாத கோலாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அதில் உருண்டை இளகிய பிறகு கமரா வழியாகவே உடைத்து எடுப்பதாக ஏற்பாடு.

"சோடாப் பக்கமே போகவிடாமல் வச்சிருந்தனீ. இப்ப பார், டொக்டரே குடிக்கச் சொல்லுறார்!" என்று அப்பா என்னைச் சீண்டினார்.

நான் லீவு போட்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். அம்மா போனபிறகு அவரைப் பற்றி வாயே திறக்காத அப்பா அங்கேதான் கதைக்கத் தொடங்கினார். கலியாணமான புதிதில் பின்னேரங்களில் இருவரும் கடற்கரைக்குப் போய் ஒரு சோடா வாங்குவார்களாம். "உன்ர அம்மா முழுக்கக் குடிச்சுப்போட்டு வெறும் போத்தலைத்தான் பிள்ளை எனக்குத் தருவா!" சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து சிரித்தார்.

உருண்டையை முழுதாக எடுத்தார்கள். புண்ணும் ஆறியது. அப்பா பழையபடி சாப்பிட்டு, உடம்பு தேறி, போன வருடம் நித்திரையிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவரோடு எத்தனையோ நல்ல நாட்கள் வாழ்ந்திருக்கிறேன். ஆனாலும் பயத்தோடு உள்ளே போய், அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துத் திரும்பப் பெற்ற அந்த வார்ட் நாட்களுக்குத்தான் என் மனம் இன்றைக்கும் ஏங்குகிறது.