செத்த நேரம் இரு, வாரேன்

என் பெரியம்மா மகன் மூன்றே முக்கால் அடி உயரம். எங்கள் குடும்பத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட் ஒன்றில் தறிகளைப் பழுது பார்ப்பவர் அவர். ஊரில் எல்லோருக்கும் ஃபிட்டர், எனக்கு அண்ணன். அவரைக் குள்ளர் என்று முதலில் எழுதியவள் நான். ஒரு தடவை அல்ல. பக்கம் பக்கமாக.

செல்போனில் ஆடுகிற விளையாட்டுகளுக்குத் தமிழ் எழுதுவது என் பிழைப்பு. இராஜபாளையத்தில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு மந்திரவாதிகளுக்கும் பூதங்களுக்கும் வசனம் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புது விளையாட்டுக்கு எழுதச் சொன்னார்கள். அதில் இரண்டு இனம். காட்டில் வாழ்கிற உயரமான வனத்தார், மலைக்கு அடியில் சுரங்கத்தில் வாழ்கிற குள்ளர். வனத்தாரைப் பற்றி வேறொருவர் எழுதி முடித்துவிட்டார். குள்ளர்களை என் தலையில் கட்டினார்கள். "அவங்க எப்படி வாழுறாங்க, என்ன மிஷின் வச்சிருக்காங்க, எப்படிப் பேசுவாங்க, எல்லாம் நீங்களே யோசிங்க" என்றார் கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர். தாடியும் சம்மட்டியும் கட்டாயம் வேண்டுமாம். மீதி என் இஷ்டம்.

ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. உலை எரிகிறது, இரும்பு உருகுகிறது, சம்மட்டி அடிக்கிறார்கள். பிறகு? எழுதியதைப் படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஏதோ கொடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். உள்ளே இருட்டாக இருந்தது. லைட் போடச் சுவரைத் தடவினேன், சுவிட்ச் கிடைக்கவில்லை. "ஏட்டி, குனிஞ்சு போடு" என்றது அண்ணன் குரல். என்னை அவர் ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். அந்த வீட்டில் சுவிட்ச், தாழ்ப்பாள், குழாய், அலமாரி எல்லாம் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான். அவரே திட்டம் போட்டு வைத்தது. அடுப்படியில் மட்டும் மதினிக்கு ஒரு மேடை, அவருக்கு ஒரு மேடை. "எங்க வீட்டுக்கு எவன் வந்தாலும் குனிஞ்சுதான் லைட்டு போடணும், கலெக்டரா இருந்தாலும்" என்று சொல்லி அவர் சிரிப்பார். வருடக்கணக்காகக் கேட்கிற பழைய சிரிப்பு. எனக்கு அன்றைக்குத்தான் அது வேலைக்கு உதவும் என்று பட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்: குள்ளர் நகரத்தின் வாசல்கள் அவர்கள் உயரத்துக்கே இருக்கும், உள்ளே வருகிற வனத்து அரசனும் குனிந்துதான் வர வேண்டும்.

கம்பெனியில் துள்ளிக் குதித்தார்கள். "இந்த மாதிரி இன்னும் வேணும்" என்றார்கள். எனக்குப் பேராசை பிடித்தது. எடுக்க எடுக்க வருகிற கிணறு பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறதே.

அண்ணனுடைய யூனிட்டுக்கே போய் உட்கார ஆரம்பித்தேன். தறிகள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அண்ணனுக்கு மட்டும் எந்தத் தறியில் என்ன கோளாறு என்று கேட்டுவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடுவார். "இது நாளைக்கு வரைக்கும் ஓடும். அது இன்னைக்கே போயிரும்" என்பார். போய்விடும். நான் எழுதினேன்: குள்ளர்கள் இரும்புக் கம்பியைப் பாறையில் வைத்துக் காதைக் கொடுத்து, எங்கே விரிசல் ஓடுகிறது என்று கேட்பார்கள். உயரத்துக்கு எட்ட அவர் செய்துவைத்திருந்த சக்கரப் பெட்டி, வளைந்த கொக்கி போட்ட கம்பி, தறிக்கு அடியில் ஊர்ந்து போய் வேலை பார்க்க அவர் தைத்துக்கொண்ட முழங்கால் மெத்தை எல்லாமே மலைக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றையும்விட நான் ஆசையாக எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம். தறியை நிறுத்துவதற்கு முன்னால் அதன் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, "செத்த நேரம் இரு, வாரேன்" என்பார். பிறகுதான் ஹேண்டிலை இழுப்பார். மதினியிடம் சொல்வது போலவே இருக்கும். ஏன் என்று கேட்டதற்கு, "ஓடிக்கிட்டு இருக்கதை திடுக்குனு நிப்பாட்டுனா அதுக்கு மட்டும் மனசு இருக்காதாக்கும்" என்றார்.

குள்ளர்கள் உலையை அணைக்கும்போது இதையே சொல்வார்கள் என்று எழுதினேன். அதோடு நின்றேனா? அவர்கள் பேச்சு முழுவதையும் எங்கள் ஊர்ப் பேச்சாக்கினேன். வனத்தார் புத்தகத் தமிழ் பேசுவார்கள், குள்ளர்கள் எம்புட்டு, அம்புட்டு, பொறவு என்பார்கள். நம் ஊர்ப் பேச்சு ஒரு விளையாட்டில் வருகிறதே என்று எனக்குப் பெருமை வேறு. பேச்சையும் உயரத்தையும் ஒரே ஆளிடமிருந்து எடுத்து ஒரே கோமாளிக்கு மாட்டிவிடுகிறோம் என்று புத்தியில் ஏறவில்லை. ஏறவில்லையா, ஏறவிடவில்லையா?

நடிகருக்குக் காட்ட ஒரு குரல் மாதிரி வேண்டும் என்றார்கள். அண்ணனைப் பேசவைத்துச் செல்போனில் பதிந்து அனுப்பினேன். நடிகரைவிட இவரே நன்றாக இருக்கிறார், இவரே இருக்கட்டும் என்றார்கள். அதற்கான தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். இங்கிலீஷில் இருந்தது. படிக்காமலே போட்டார், நீட்டியது நான் அல்லவா. அடுத்து, படம் வரைகிறவர்கள் நடை எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அண்ணன் யூனிட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதை வீடியோ எடுத்தேன். "என்னத்துக்குட்டி இது?" என்று கேட்டார்.

"விளையாட்டுலண்ணே. சுரங்கத்துல மிஷின் பாக்கிற ஆளுக வருவாக. உங்களை மாதிரி கெட்டிக்காரங்க."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்துப் பரிமாறியும் விட்டேன். அவர் டீக்கடையில் எல்லோரிடமும் தன் குரல் செல்போன் விளையாட்டில் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் செய்த பெரிய காரியம். ஒரு கம்பெனிக் கூட்டத்தில், எழுதியதைச் சரி பார்க்கிறவர்களில் வேற்றூர்ப் பையன் ஒருவர் கேட்டார், "செத்த நேரம்னா இறந்த நேரமா மேடம்?" எங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் என்று அர்த்தம் என்று விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மேலே இருந்தவர், "செமயா இருக்கு. வனத்தான் இதுக்கு ஒரு பதில் சொன்னா நல்லா இருக்கும்ல?" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. அந்தக் கூட்டம் முடிவதற்குள் எழுதிக் கொடுத்தேன். குள்ளன், "செத்த நேரம் இரு, வாரேன்" என்பான். வனத்தான் சுற்றுமுற்றும் பார்த்து, "யார் செத்தது?" என்பான்.

விளையாட்டு வெளிவந்தது. அந்த இரண்டு வரிதான் எல்லோர் வாயிலும் நின்றது. என்னைப் பாராட்டி எழுதினார்கள், குள்ளர்கள் அவ்வளவு உயிரோடு இருக்கிறார்களாம். இருக்கமாட்டார்களா பின்னே? அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். "எப்பட்டி வரும்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "இன்னும் வேலை நடக்குதுண்ணே" என்பேன். வெளிவந்து எட்டு மாதம் வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவருடைய ஊனச் சான்றிதழைப் புதுப்பிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் போட்டிருந்தார்கள். மதினிக்குக் காய்ச்சல், அதனால் நான் துணைக்குப் போனேன். பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். ஆதார் நகல் ஒன்று குறைவதாகச் சொன்னதும் அண்ணன் எழுந்தார். "செத்த நேரம் இரு, வாரேன்" என்றார் என்னிடம்.

"யார் செத்தது?" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

காலில் கேலிப்பர் கம்பி மாட்டியிருந்த ஒரு பெண். கல்லூரியில் படிக்கிறவளாக இருக்கும். சொன்ன வேகத்தில் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஸாரிண்ணே, பழக்கதோஷம். ஒரு கேம்ல வரும்." பிறகு அவரை நன்றாகப் பார்த்தாள். கண் விரிந்தது. "ஐயையோ, அந்தக் குள்ளர் வாய்ஸ் நீங்களா?"

நான் அப்போதாவது எழுந்து நின்றிருக்கலாம். அண்ணே, போவோம் வாங்க என்று கையைப் பிடித்திருக்கலாம். மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவள் போனை அவர் கையிலேயே கொடுத்தாள். கெட்ட எண்ணமே இல்லை. "நான் எப்பவும் இவரைத்தான் எடுப்பேன்ணே. இவருதான் ரொம்ப ஸ்ட்ராங்கு" என்றாள். அண்ணன் போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். முழங்கால் வரை தாடி வைத்த ஒருவன் அவருடைய நடையில் நடந்தான், அவருடைய கொக்கியைத் தூக்கினான், அவருடைய குரலில் உலையிடம் சொன்னான். வனத்தான் பதில் சொன்னான். பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் அதை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். "நல்லாருக்கும்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகல் எடுக்கப் போனார்.

உயரம் அளக்கிற இடத்தில் அவர் எப்போதும் ஒரு வேடிக்கை சொல்வார். போன தடவையைவிட வளர்ந்திருக்கேனா, நல்லாப் பாருங்க என்பார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். அவர்கள் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது.

"சுரங்கத்து ஆளுகன்னியே" என்றார்.

"ஆமாண்ணே."

"குள்ளருன்னு சொல்லியிருந்தாலும் பேசித்தான் தந்திருப்பேன். எனக்கு என்ன, கண்ணாடி பாக்காதவனா நானு."

"கம்பெனில சொல்லி எடுக்கச் சொல்லட்டாண்ணே?" என்று கேட்டேன். எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எதை எடுப்ப? நடையவா?" என்று வெளியே பார்த்தார். மில் ஒன்று கடந்து போனது. பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த நெட்டையன் ஒரு பதிலு சொல்லுதான்ல. அதை எழுதுனது யாரு?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. கம்பெனிக்காரர்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், நம்பவே விரும்பியிருப்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்திலேயே அது தெரிந்தது.

"நான்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். இறங்கும்போது வழக்கம் போல என் பையை வாங்கிக்கொண்டார். கோபமாகத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் திட்டவில்லை. மதினியிடமும் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது. என்ன சொல்வது என்று பக்கம் பக்கமாக யோசித்தேன், குள்ளர்களுக்கு அத்தனை எழுதியவளுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு காலையில் எதுவும் தயார் செய்யாமல் யூனிட்டுக்குப் போய் நின்றேன். அவர் மூன்றாவது தறியில் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தார். முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று கையால் காட்டினார்.

பிறகு ஹேண்டிலை இழுத்தார். தட்டவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. தறி திடுக்கென்று நின்றது.

பக்கத்துத் தறியில் நின்ற பெண் அவரையும் என்னையும் பார்த்துவிட்டு நூலைப் பார்த்துக்கொண்டாள். அவர் ஏன் தட்டவில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது போல. அண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி என் அருகில் வந்தார். உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்து, டிவியில் பேசுகிறவர்கள் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் இரும்மா. வர்றேன்."

ஏட்டி இல்லை. செத்த இல்லை. வாரேன் இல்லை. அவர் திரும்பி வரும் வரை அந்த நின்றுபோன தறியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.