பேத்தியின் விரலில் ஊசி குத்திய காலை

பள்ளி வேன் வருவதற்குள் என் பேத்தி ஏழு முறை கழிவறைக்குப் போய் வந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்தபடி எண்ணினேன். முந்தின நாள் ஐந்து, அதற்கு முந்தின நாள் நான்கு. தண்ணீர் வேறு ஒரு பாட்டில் காலி. இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரையோடு காலம் தள்ளுகிறவனுக்கு வேறு எந்த நோய் தோன்றும்? ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை உட்காரவைத்து, என் மெஷினில் புது ஊசி மாற்றி, அவள் விரலில் குத்திவிட்டேன். விரல் சில்லென்றிருந்தது. இரண்டு முறை அழுத்திய பிறகுதான் ரத்தம் வந்தது.

தொண்ணூற்றிரண்டு. எனக்கு உயிர் வந்தது. அவளோ அழ ஆரம்பித்தாள்.

"வலிக்குதாம்மா?"

"சுகர்னு வந்திருந்தா ஸ்கூலுக்குப் போக வேணாம்ல தாத்தா."

அடுப்படியிலிருந்து மருமகள் வந்தாள். "என்ன மாமா, புள்ளைக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா? நானும் இருக்கேன், குத்திடுங்க" என்றவள், மகளின் முகத்தைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வந்தது. கன்னட வகுப்பில் வியாழக்கிழமைதோறும் சிலர் எழுந்து நின்று பாடத்தை வாசிக்க வேண்டும். போன மாதம் இவள் முறை வந்தபோது மூச்சு முட்டி, பாதியில் உட்கார்ந்துவிட்டாள். பின்பெஞ்சில் சிரித்திருக்கிறார்கள். அடுத்த முறைக்கு இன்னும் பதினைந்து நாள்; அந்தப் பயம்தான் கழிவறைக்கு ஓடவைத்தது.

"அன்னிக்கு லீவு போட்டுட்டா போச்சு" என்றேன்.

"எத்தனை வியாழக்கிழமை போடுவீங்க மாமா?"

காலண்டரில் எண்ணினேன். பள்ளி வருடம் முடிய இருபத்தொன்று இருந்தன.

பள்ளியில் ஆலோசனை சொல்லும் அம்மாவைப் பார்க்க நானும் போனேன். பயம் வந்தால் வரட்டும், ஓடாமல் நின்றால் தானாக இறங்கும் என்று பேத்தியிடம் சொன்னார்கள். முதலில் வீட்டில் ஒருவர் முன்னால் வாசிக்க வேண்டும், பிறகு இரண்டு பேர், பிறகு வெளியாள். என்னைப் பார்த்து, "பயமா இருக்கா, பயமா இருக்கான்னு கேக்காதீங்க சார். நீங்க பதறினா அவளும் பதறுவா" என்றார்கள். அன்று காலையிலிருந்து பதினொரு முறை கேட்டிருந்தேன்.

அவள் தன் அம்மாவிடம் வாசித்தாள். பிறகு எங்கள் இருவரிடமும். பிறகு மாடி வீட்டுக் கன்னட அம்மாவிடம். அங்கே குரல் நடுங்கியது கீழே படிக்கட்டு வரை கேட்டது. எனக்கு ஓடிப்போய் அழைத்து வந்துவிடலாம் போலிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முறை வந்த வியாழக்கிழமை மாலை வேன் பதினான்கு நிமிடம் தாமதம். இறங்கியவள் பையை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஜோகுபாளையத்தின் முதல் தெருவைத் தாண்டிய பிறகு அவளே பேசினாள்.

"மூச்சு முட்டுச்சு தாத்தா. மூணாவது வரியில நின்னுட்டேன். மிஸ் 'கூத்கோ', உக்காருன்னாங்க. நான் உக்காரல. மறுபடியும் மொத வரியிலேர்ந்து வாசிச்சேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருப்பாங்க. நான் புஸ்தகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன்."