காப்போடு விழுங்கிய மாத்திரை

பவுனம்மாளைத் திருடியைப் பிடித்து வருவதுபோல ஆட்டோவில் நடுவில் உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் மகன் அன்புராஜ், மறுபக்கம் மருமகள் அருள்மொழி. படித்தவள் என்று பக்கத்து வீட்டிலிருந்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் படித்தது வணிகவியல்.

பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற பவுனம்மாளுக்கு ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய். வருடக்கணக்காகத் தினம் ஒரு மாத்திரை. அடங்கிக் கிடந்த கிருமி இப்போது இரத்தத்தில் மறுபடி ஏறியிருந்தது.

"மாத்தரய நிறுத்திட்டு எங்கள ஏமாத்துது சார்," என்றான் அன்புராஜ் டாக்டரிடம். "ஆடியில தீமிதிக்குக் காப்பு கட்டுச்சு. கட்டுனா இங்கிலீஷ் மருந்து தொடமாட்டாங்க."

"எங்கொழந்தைக்கு இதுக்குன்னு போட்ட தடுப்பூசி இனிமே வேல செய்யுமா?" அருள்மொழி மாமியாரைப் பார்க்காமல் கேட்டாள்.

"முழுசா போட்டிருக்கில்ல? காப்பாத்தும்மா," என்ற டாக்டர் விளக்கினார். கிருமி தன்னைப் பிரதியெடுக்கும்போது தப்பும் தவறுமாக எடுக்கும். அதில் ஒன்று மாத்திரைக்கு அடங்காததாக அமைந்துவிடும். மற்றவை ஒடுங்க, அது பெருகும். "இந்தப் பழைய மாத்திரைல ஒழுங்கா சாப்பிட்டாலும் இப்படி ஆகும். வேற மாத்திரை தரேன். நடுவுல விட்டீங்களா?"

பவுனம்மாள் வாய் திறக்கவில்லை. மகனுக்கு அதுவே சாட்சியாயிற்று.

ஊர் திரும்பியதும் புது மாத்திரையைத் தொட மறுத்தார். "பொய்க்காரின்னு சொல்லிட்டுத் தின்னுன்னா, எப்பிட்றா தின்றது? மொதல்ல சொன்னத வாபஸ் வாங்கு."

"இன்னாத்துக்கு? நீ சாவு, எனக்கின்னா," என்றான்.

தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பவுனம்மாள் அவர்கள் நடுவே போய் நின்றார்.

"காப்போடவே முழுங்கனன்டா. கொல்லையில மறைஞ்சு, தெனமும். சாவறதுக்கு பயந்துகினு. போதுமா?"

ஆஸ்பத்திரியில் அவர் ஏன் பேசவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அடிப்பாவி! அந்த வாயோடவா தீ மிதிச்ச?" என்றாள் குடத்தோடு நின்ற மணியம்மாள். "அம்மா சும்மா வுடுமா? அதான் கிருமி ஏறுது."

டாக்டர் சொன்னதை நான் சொல்லிப்பார்த்தேன். பிரதி, தவறு என்று என் வாயிலிருந்து வந்தது எனக்கே பாடப்புத்தகம்போலக் கேட்டது.

"நீ இன்னா டாக்டரா? போடி," என்றாள்.

பவுனம்மாள் அன்புராஜ் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பிடுங்கி, ஒன்றைப் பிய்த்துக் குழாய்த் தண்ணீரில் விழுங்கினார். பிறகு அவன் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து காட்டினார்.

"பாத்துக்கோ. நாளைக்கும் வந்து பாரு."