கால் மில்லி குறைந்த இறக்கை

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து தேறுமா தேறாதா என்று சொல்லும் வேலை. சப்ளையர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலே இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொல்வேன். இந்தக் குணத்தைத் தொழிற்சாலை கேட்டிலேயே விட்டுவிட்டு வரத் தெரியவில்லை.

வீட்டில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் குட்டி விமானம் செய்வேன். இந்தக் கிறுக்குப் பிடித்த இன்னொரு ஆள் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். எங்கள் டூல் ரூமில் வேலை செய்யும் தூத்துக்குடிக்காரன். ஞாயிறானால் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருவரும் ஒட்டுவோம். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அவன் அக்கா அக்கா என்று வருவது பெரிய ஆறுதல்.

போன வருடம் பெங்களூர் போனவன், ஒரே கம்பெனியின் ஒரே விமான கிட்டை இரண்டு பெட்டி வாங்கிவந்தான். எனக்கொன்று, அவனுக்கொன்று. என் பெட்டியின் அட்டைப்படம் சற்று வெளிறியிருந்தது. அங்கேதான் ஆரம்பித்தது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட வெர்னியர் அளவி ஒன்று வீட்டில் இருந்தது; அதை வைத்து இறக்கையை அளந்தேன். மறுநாள் அவனுடையதை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி, வேலையிடத்து வெர்னியரில் அளந்தேன். என்னுடையது கால் மில்லி குறைவு.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் போலியாகவே தெரிந்தது. கோடுகளில் ஆழமில்லை, பிளாஸ்டிக் மெத்தென்று இருக்கிறது, ஸ்டிக்கரில் சிவப்பு சரியில்லை. டூப்ளிகேட்டை என் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவே செய்துவிட்டேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

ஞாயிறன்று அவன் தன் பெட்டியோடு வந்து உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன்.

"நல்லத நீ வெச்சிக்கினு போலிய எனக்குக் குடுத்துட்டியா?"

இறக்கை கால் மில்லி குறைவு என்றும் சொன்னேன். எதில் அளந்தேன் என்று மட்டும் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். வெர்னியரின் இரண்டு தாடைகளையும் ஒட்டவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது கால் மில்லி கீழே நின்றது. தாடை தேய்ந்திருக்கிறது. அத்தனையையும் சந்தேகப்பட்ட நான் கையில் இருந்த கருவியைச் சந்தேகப்படவில்லை.

"ரெண்டையும் நீங்களே வச்சுக்கிடுங்கக்கா" என்று தன் பெட்டியையும் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் டூல் ரூமுக்குப் போய், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். பரவாயில்லை என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்புவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வேற எதும் வேணுமா மேடம்?" என்று கேட்டான்.