சளுக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. நெய்யாற்றின்கரைக்குப் போகும் பேருந்தில் பாறசாலையில் ஏறியவர் என் பக்கத்தில் அமர்ந்தார். மடியில் பித்தளைக் குடம். ஒடுக்கு விழுந்த பக்கத்தை வயிற்றோடு அணைத்து மறைத்திருந்தார்.

ஊர் ஊராகப் பிழைக்கப் போன எனக்கு, எதற்கு எங்கே என்ன பெயர் என்று கேட்கும் பழக்கம் உண்டு.

“மதுரையில இதை நெளிசல்னு சொல்வாங்க, சென்னையில டொக்கு. இங்க என்ன அண்ணாச்சி?”

“சளுக்கு. மலையாளத்திலயும் அதாக்கும்.” குடத்தைத் தடவினார். “பாத்திரத்திலே அடி உள்ள போவும். மண்டையிலே வெளிய வீங்கும், அதுக்கு முழன்னு பேரு. அடி ஒண்ணுதான்.”

நான் சிரித்தேன். “யாரோட மண்டை?”

“வீட்டுக்காரிக்க.”

அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“கல்யாணத்துக்கு அவளுக்க அப்பா தந்த குடம். சாயங்காலம் அவரு வாறாரு. அதுக்கு முன்ன பட்டறையிலே குடுத்து நிமித்தணும் மக்கா.”

“அவங்க மண்டை?”

“முக்காடு போட்டுக்கிடுன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா.”

நெய்யாற்றின்கரையில் இறங்கும்போதும் ஒடுக்கு அவர் வயிற்றுப் பக்கமே இருந்தது.

குடத்தை நிமிர்த்தியிருப்பார்கள். முக்காடு போடாத மகளை மாமனார் பார்த்தபோது இவர் வீட்டில் இருந்தாரா என்பதுதான் தெரியவில்லை.