நெடுந்தீவுக்குப் போன கேக்

ஞானசவுந்தரி நன்றாகக் கேக் அடிப்பாள் என்பது இறுப்பிட்டிக் கரையில் எல்லாருக்கும் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கு அவள் கொண்டுபோய்க் கொடுத்தால் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார்கள். ஆனால் தங்கள் பிள்ளையின் பிறந்தநாள் என்று வந்துவிட்டால், காலை பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து விற்கிற கேக்கைத்தான் வாங்கி வருவார்கள். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அவள் கருவாடு போடுகிறவள். அந்தக் கையால் அடித்த கேக்கை விருந்தாளிக்கு முன் வைக்க ஊருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பது வயதில் ஞானசவுந்தரிக்கு வேறு குறை ஒன்றும் இல்லை. புருஷன் சவிரிமுத்து கடலுக்குப் போய் நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறவர். மகள்மார் இரண்டு பேரும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். கிணற்றுத் தண்ணீர்கூட நல்ல தண்ணீர். அந்தத் தீவில் அதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் தன் கேக்கை ஒருநாள், ஒரேயொரு நாள், பிறத்தியார் வீட்டு மேசையில் வைத்து வெட்டவேண்டும் என்ற ஆசை அவளை விட்டபாடில்லை.

கருவாட்டு வேலை முற்றத்தின் கடைசியில். கேக் வேலை குசினிக்குள். இரண்டுக்கும் நடுவில் குளிப்பு. இந்த ஒழுங்கை அவள் ஒருநாளும் மீறியதில்லை. முட்டையையும் சீனியையும் நுரை எழும்பி நிற்கும்வரை அடித்து, மாவை மூன்று முறை அரித்துப் போட்டு, பஞ்சாக எடுப்பாள். மேலே கொக்கோவும் மாஜரினும் சேர்த்த சொக்கலேற் பூச்சு. அதற்கும் மேலே பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ. இதைச் சாப்பிட்டும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுகிறார்களே என்று நமக்கே கோபம் வரும்.

அந்த ஆசைக்கு வழி திறந்தது குறிகட்டுவான் இறங்குதுறையில். மாசி மாதத்தில் ஒருநாள் லோஞ்சுப் படகு பழுதாகிச் சனம் எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நெடுந்தீவு ஆசுபத்திரியில் தாதியாக இருக்கிற 'மிஸி' நிருஜாவின் மகள் லக்சிகா, மூன்று வயதுகூட ஆகாதவள், துறை அதிர அழுதாள். உறவுக்காரருக்கென்று கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டை ஞானசவுந்தரி நீட்டினாள். அழுகை நின்றது. இரண்டு மாதம் கழித்து நிருஜா தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, வாற சனிக்கிழமை பிள்ளைக்குப் பிறந்தநாள். அந்தக் கேக்தான் வேணுமாம். யாழ்ப்பாணத்திலயிருந்து எங்கட ஆக்களும் வருகினம். செய்து தருவியளோ?"

"ஓம் மிஸி, நானே கொண்டுவந்து தாறன்" என்று சொல்லி வைத்துவிட்டு, ஞானசவுந்தரி கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் சும்மா சிரித்தாள்.

சித்திரை வெயில். கடலில் ஒரு மணி நேரம். சொக்கலேற் உருகி ஓடிவிடுமே என்று அவள் கவலைப்பட்டபோது, சவிரிமுத்து தன் ரெஜிபோம் பெட்டியைக் காட்டினார். ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற பெட்டி. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தார், இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்தார். பிறகு தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

"இஞ்சாரும், ஒரு மணமும் இல்லை."

அவளும் தலையை விட்டுப் பார்த்தாள். ஒரு மணமும் இல்லைதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கேக் ஐஸ் கட்டிகளோடு அந்தப் பெட்டிக்குள் போனது.

சனிக்கிழமை காலை பக்கத்து வளவு நல்லம்மா வேலியைக் கடந்து வந்தாள். அறுபது வயது. மச்சம், முட்டை எதுவும் தொடாத சைவக்காரி. ஞானசவுந்தரியின் கேக்கை அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வந்து பார்த்து, வடிவாயிருக்கு என்று சொல்லாமல் போனதும் இல்லை. ஞானசவுந்தரி பெருமையோடு பெட்டி மூடியைத் தூக்கினாள்.

நல்லம்மா இரண்டடி பின்னுக்குப் போனாள். "என்ன ஞானம், விடியக்காலமையே மீன் வாங்கி வைச்சிருக்கிறாய்?"

"மீனோ? அக்கா, இது கேக்."

சவிரிமுத்து வந்து மோந்தார். ஞானசவுந்தரி மோந்தாள். வெண்ணிலா மணந்தது, தேங்காய் மணந்தது, வேறொன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்த மூக்குகள் அவை.

"அதொண்டும் பெரிசில்லை" என்றார் சவிரிமுத்து. "நெடுந்தீவிலயும் மீன் தின்னுற சனம்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"யாழ்ப்பாணத்திலயிருந்து ஆக்கள் வருகினம். எங்கட மூக்குத்தான் செத்துப்போச்சு. அவையின்ர மூக்குச் சாகேல்லை."

ஞானசவுந்தரி பெட்டி மூடியை அழுத்தி மூடினாள். இத்தனை வருடமாக ஊர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, இந்த ஒரு பெட்டி போய் நெடுந்தீவில் உண்மையாக்கப் போகிறது. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். லோஞ்சுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருந்தது. புதிதாக அடிக்க வீட்டில் முட்டையும் இல்லை.

"பொறு" என்றாள் நல்லம்மா. "உள்ளையும் மணக்குதோ எண்டு பாப்பம்."

அன்று நல்லம்மா செய்ததை ஞானசவுந்தரி சாகும்வரை மறக்கமாட்டாள். சேலைத் தலைப்பால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே விட்டு, முட்டை போட்ட கேக்குக்கு மேலே குனிந்தாள் அந்த மனுசி. ஞானசவுந்தரி மேற்பூச்சைச் சுரண்டி எடுத்து நீட்டினாள். நல்லம்மாவின் தலை கூடாது என்று ஆடியது. சுற்றிவரத் தோலையும் அடித்தோலையும் சீவினாள்; அதற்கும் அதே தலையாட்டல். நடுவில் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். நல்லம்மா கண்ணை மூடி, இரண்டு தரம் இழுத்தாள்.

"இதில மீன் இல்லை. முட்டைதான் மணக்குது."

"முட்டை மணந்தால் காரியமில்லை அக்கா!" ஞானசவுந்தரி கிட்டத்தட்டக் கத்தினாள்.

கேக்கின் நெஞ்சு தப்பிவிட்டது. ஆனால் சீவியதில் அதன் உருவம் போய்விட்டது. அதைத் திரும்பவும் வட்டமாக்க முடியாது. ஞானசவுந்தரி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு சதுரம் சதுரமாக வெட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு துண்டையும் சொக்கலேற்றில் தோய்த்துத் தேங்காய்ப்பூவில் பிரட்டி எடுத்தால், உருகினாலும் தேங்காய்ப்பூ பிடித்துக்கொள்ளும். ஐஸும் வேண்டாம், அந்தப் பாழாய்ப்போன பெட்டியும் வேண்டாம். இவ்வளவு காலம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நல்லம்மாவின் மூக்குக்கு ஓய்வில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த மாஜரினை மோந்து, கூடாது என்றாள். பாலும் கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலும் மீன் வைத்த மணம். கடைசியில் தன் வீட்டுக் குசினியில் தானே இரண்டு தேங்காய் திருவி, ஒன்றில் முதற்பால் பிழிந்து, மற்றதைத் தன் தாச்சிச் சட்டியில் வறுத்து வேலிக்கு மேலால் நீட்டினாள். முட்டைக் கேக் அவள் குசினிக்குள் போகாது. தேங்காய் இங்கே வரத் தடையில்லை. உடைக்காத கொக்கோப் பையை உடைத்து, சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சி, ஞானசவுந்தரி முப்பத்தாறு துண்டு தோய்த்தாள். கை ஓடிய வேகத்தில் முகத்தில் நாடி வரைக்கும் சொக்கலேற். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். மாஜரின் போட்டதைவிட இது திறம்.

நல்லம்மா தன் பனையோலை மூடற்பெட்டியைக் கொடுத்தாள். வாழையிலை விரித்து அடுக்கினார்கள். சவிரிமுத்து தூக்கப் போனார்.

"தொடாதேங்கோ!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனார், பாவம்.

குளித்துச் சேலை மாற்றி வந்த ஞானசவுந்தரி படலையில் தயங்கி நின்றாள். "அக்கா, என்னில மணக்குதோ? உண்மையைச் சொல்லுங்கோ."

நல்லம்மா கிட்ட வந்து அவள் தோளில் மூக்கை வைத்தாள். "உன்னில வெண்ணிலா மணக்குது. போயிட்டு வா."

ஞானசவுந்தரிக்குக் கண் கலங்கியது. அதைத் துடைக்க வழியில்லை. இரண்டு கையிலும் பெட்டி.

நெடுந்தீவில் நிருஜாவின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பலூன் கட்டி, சனம் நிறைந்திருந்தது. நிருஜா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்தாள்.

"அக்கா, வெட்டுறதுக்கு முழுக் கேக் இல்லையோ?"

"இந்த முறை இப்பிடி, மிஸி. அடுக்கித் தாறன் பாருங்கோ."

பெரிய தட்டில் கோபுரமாக அடுக்கினாள். உச்சியில் மெழுகுதிரி. மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஞானசவுந்தரி கேக்கைப் பார்க்கவில்லை; எல்லாருடைய மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகுதிரியை ஊதி முடித்ததும் லக்சிகா கத்திக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு கையிலும் இரண்டு துண்டைப் பிடுங்கினாள். கோபுரம் சரிந்தது, சனம் சிரித்தது, தட்டு கைமாறிப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு ஐயா ஒரு துண்டைக் கடித்தார், நின்றார். ஞானசவுந்தரி அவர் மூக்கையே பார்த்தாள். அவர் இன்னொரு துண்டை எடுத்தார். ஒரு முகமும் சுழிக்கவில்லை. பத்து நிமிடத்தில் தட்டில் தேங்காய்ப்பூத்தான் மிச்சம். அவளுக்கு அப்படியொரு சந்தோசம். அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது.

லோஞ்சுக்கு அவள் புறப்பட்டபோது, ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கிற பிரியவதனி வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, வாற மாதம் என்ர தங்கச்சிக்குக் கலியாண எழுத்து. இதே மாதிரி நூறு துண்டு வேணும். உங்கட நம்பரைத் தாங்கோ."

ஞானசவுந்தரி இலக்கத்தைச் சொன்னாள். பிரியவதனி கைபேசியில் தட்டினாள். "ஞானசவுந்தரி... இந்தப் பேரில எனக்கு வேற ஒராளும் இருக்கிறா. பேருக்குப் பக்கத்தில என்ன போடுறது, அக்கா?"

இறுப்பிட்டி என்று சொல்லியிருக்கலாம். சவிரிமுத்துவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். துறையில் எல்லாரும் சொல்கிற 'கருவாட்டுக்காரி' என்ற பெயரையும் சொல்லியிருக்கலாம். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

"கேக் எண்டு போடும், பிள்ளை" என்றாள்.

சொன்னதோடு நிற்காமல், சரியாகப் போட்டிருக்கிறாளா என்று எட்டியும் பார்த்தாள்.