வில்லையைக் கழற்றிய காலை

எங்கள் நாயின் தாடையில் வந்திருப்பது புற்று என்று சொன்ன வெள்ளைக்கார மிருக வைத்தியர், கூடவே ஒரு வழியும் சொன்னார். ஓர் ஊசி போதும், வலியில்லாமல் போய்விடும் என்றார். எனக்கு வந்ததே கோபம்! வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற சைவன் நான். எட்டு வருடம் என் காலடியில் படுத்த பிராணியை நானே கொல்லக் கொடுப்பதா? ரிக்‌ஷாவில் வீடு திரும்பும் வழியெல்லாம் என் ஜீவகாருண்யத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

கருணை என்னுடையது, வேலை மனைவியுடையது. அவள்தான் சோற்றைப் பாலில் கரைத்துச் சங்கால் புகட்டினாள். மஞ்சள் நீரால் புண்ணைக் கழுவினாள். நாற்றம் விறாந்தையை நிறைத்ததும் நான் கிராணியாகக் கணக்கெழுதிய கந்தோரிலிருந்து தாமதமாக வரப் பழகிக்கொண்டேன். ஒருநாள் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் மூக்கைப் பொத்தியபோது, "பக்கத்து வீட்டு நாய்" என்று சொன்னேன். என் குரல் கேட்டு அது வாலை ஆட்டியது.

ஆறாவது வாரம் தண்ணீரும் இறங்கவில்லை. இரவு பகலாக முனகியது.

"இஞ்சேருங்கோ, அந்த டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ. என்னாலை பாக்கேலாமல் கிடக்கு" என்றாள் மனைவி.

"பாவம் ஆருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கெண்டே இருக்கட்டும்."

அதற்கும் எனக்குத் துணிவு வரவில்லை. வேறொரு யோசனைதான் வந்தது. நாய்வரி கட்டியதற்கான தகட்டு வில்லை கழுத்தில் இல்லாமல் தெருவில் நிற்கும் நாயை முனிசிபல் ஆள்கள் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டுவிடுவார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கணக்குத்தான். அவர்கள் எங்கள் தெருவுக்கு வருகிற காலையில், மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து, வில்லையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். நாயைத் தூக்கித் தெருப் படலைக்கு வெளியே கிடத்திவிட்டு, உள்ளே வந்து பத்திரிகையை விரித்தேன். ஓர் எழுத்தும் ஓடவில்லை.

சற்று நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். நாய் பிடிக்கிறவர் வாசலில் நின்றார். சுங்கை பினாங் என்ற பகுதியில் குடியிருக்கும் தமிழர். சுருக்குக் கயிறு தோளில் கிடந்தது. நாய் அவர் இரு கைகளிலும் இருந்தது. புண்ணிலிருந்து வடிந்த சீழ் அவர் சட்டையில் பட்டிருந்தது.

"கிராணி ஐயா, ஒங்க நாயிதானே? வில்ல எங்கியோ உளுந்துருச்சு போலருக்கு. ஒங்க வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. தெரு நாயின்னா அப்புடிக் கெடக்குமா?"

"விழுந்திருக்கும்" என்றேன்.

"இவ்ளோ சீக்கு வந்தும் வெரட்டாம வச்சிப் பாக்குறீங்களே. ஒங்களுக்குப் புண்ணியம்யா."

அவர் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஈரத்தலையோடு வந்து நின்ற மனைவி நாயின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாயைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஏனென்று கேட்டிருக்கலாம்.

அன்று கந்தோருக்குப் போகவில்லை. நாயை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் நேரே வைத்தியரிடம் போனேன். தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டேன். அந்த அழுகிய வாயால் என் கையை நக்கப் பார்த்தது. ஊசி ஏறி எல்லாம் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து அதை நாற்பது நாள் வதைத்திருந்தேன்.